கொடுத்தவர் பெயர்

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினேழாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு எங்கள் பங்குக் கந்தோரில், கோயிலின் அலுவலகத்தில், இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால், யன்னலுக்கு முதுகைக் கொடுத்தபடி பங்குச் சுவாமியார். அவருக்கு வலப்புறம், கைபிடி வைத்த கதிரையில் கயித்தான் மூப்பர். எதிர்ச் சுவரோடு போட்டிருந்த வாங்கில் லூர்தம்மா. அந்த வாங்கில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தும் கீழே சீமெந்துத் தரையில், லூர்தம்மாவின் கால்மாட்டில் பேச்சியம்மா. மேசையின் இடது முனையில், முக்காலியில், கொப்பியும் பேனையுமாக நான். என் பெயர் யாகப்பர். உபதேசியார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பதும், சுவாமியார் இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், கோயில் புத்தகங்களை எழுதுவதும் என் வேலை.

இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவர் லூர்தம்மாவின் கணவர் இன்னாசிமுத்து. மற்றது அவர்களுடைய மகன் சூசைமுத்து. மகனைப் பற்றித்தான் கூட்டம்.

மேசையில் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகம் திறந்து கிடந்தது. ஒரு வரிக்கு ஒன்பது கட்டம். இலக்கம், பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர், கொடுத்தவர் பெயர், குறிப்பு. நான் எப்போதும் முதலில் ஒரு துண்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தில் ஏற்றுவேன். அந்தத் துண்டின் எட்டாவது கட்டத்தில் இரண்டு பெயர் எழுதியிருந்தேன். ஒன்று என்னுடையது. மற்றது பேச்சியம்மாவினுடையது. அதைக் கண்டதும் சுவாமியார் கையெழுத்துப் போட எடுத்த பேனையைத் திரும்ப மூடினார்.

"உபதேசியார், கொடுத்தவர் எண்டால் ஒராள்தானே. இதென்ன ரெண்டு பேர்?"

நடந்ததை நான் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "எல்லாரையும் கூப்பிடும்" என்றார்.

லூர்தம்மா அந்தப் பதிவைக் கேட்டு என்னிடம் வந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. கோயில் வளவில்தான் எங்கள் அகதி முகாம். அன்று கிராம அதிகாரி விதானையார் குடும்பப் பதிவுக்கு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்து படிவம் நிரப்பியவன் நான்.

"குடும்பத்தில எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"மூணு பேருங்க" என்றாள் லூர்தம்மா.

"மற்ற ரெண்டு பேரும் எங்க, பிள்ளை?"

"வீட்டுக்காரரு மாட்ட அவுத்துவுடப் போனாருங்க. இன்னும் வரல. புள்ள செத்துப்போச்சுங்க."

"பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இருக்கோ? இறப்புப் பதிவு?"

"வாடியில பொறந்துச்சுங்க. அங்கயேதான்..."

விதானையார் கெட்ட மனிதரில்லை. பேனையைக் காதுமடலில் தட்டினார். பிறகு ஒன்று என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

இன்னாசிமுத்துவைத் தேடி அதுவரை அவளுக்காகப் பதினொரு கடிதம் எழுதியிருந்தேன். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நான்கு, அரசாங்கக் கச்சேரிக்கு மூன்று, இராணுவ முகாமுக்கு இரண்டு, கொழும்பில் சட்டத்தரணிகளுக்கு இரண்டு. கச்சேரியிலிருந்து மட்டும் ஒரு பதில் வந்தது. 'உமது கடிதம் கிடைத்தது. வரவுப் பதிவில் இருநூற்றுப் பதினான்காம் இலக்கமாகப் பதியப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். அந்தத் தாளை அவள் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்தாள். இருநூற்றுப் பதினாலு என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு பிடிமானம் இருக்கும்.

அன்று பின்னேரம் வந்து நின்றாள். "வாத்தியாரய்யா, எம்புள்ள பேரு எங்கயுமே எழுதியில்ல. கோயில் புஸ்தகத்துல எழுதலாம்ல? ஞானஸ்நானம் குடுத்தீங்கள்ல?"

"ஓம், எழுதலாம்" என்றேன். மனமார்ந்துதான் சொன்னேன். துண்டுத் தாளை எடுத்து ஏழு கட்டமும் நிரப்பினேன். எட்டாவதில் என் பெயரை எழுதினேன். எழுதிய பிறகு, தண்ணீர் ஊற்றியது நான் இல்லையே என்று பட்டது. வெட்டாமல் பக்கத்தில் பேச்சியம்மா என்றும் எழுதினேன்.

நடந்தது இது. 1990 ஆகஸ்டில், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள எங்கள் கிராமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். அங்கே பாதிச் சனம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறினவர்கள். லூர்தம்மாவின் குடும்பம் அப்படி வந்தது. பேச்சியம்மாவும் அப்படி வந்தவர்தான். லூர்தம்மா வேதக்காரி. பேச்சியம்மா மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சிக்குக் கை உதவியாக இருந்து பழகி, எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் கையில் ஏந்தியவர்.

அரிப்புக் கரையிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் போகிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். மீன்பிடிகாரர் விட்டுவிட்டுப் போன வாடிகளில், ஓலைக் கொட்டில்களில், ஐந்து நாள் காத்திருந்தோம். முதல் நாளே இன்னாசிமுத்து, "மாட்டக் கட்டிப்போட்டது கட்டிப்போட்டபடி கெடக்கு. தண்ணியில்லாம செத்துப்போகும். பொழுது சாய வந்துர்றேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மாடு பிறகு எங்களைத் தேடித் தனியே கரைக்கு வந்தது. கழுத்தில் கயிறு இருக்கவில்லை. அவர் போய் அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்பது அதனால் தெரிந்தது. அதற்கு மேல் இன்று வரைக்கும் ஒன்றும் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை வள்ளம் வந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் ஏற்றினார்கள். ஆண்கள் தோளளவு தண்ணீரில் நின்று தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மாவுக்கு அன்று விடியவே வலி கண்டுவிட்டது. ஏழரை மாதம். வாடியில் மிஞ்சியவர்கள் அவளும், பேச்சியம்மாவும், சாமான்களுக்குக் காவல் இருந்த நானும்தான். பேச்சியம்மா வாடியின் நடுவே ஒரு பழைய பாய்ச்சீலையைத் திரையாகக் கட்டினார். அவர்கள் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி.

பதினொரு மணிபோலப் பிள்ளை பிறந்தது. அழுகை கேட்கவில்லை. தும்மல் மாதிரி ஒரு சத்தம்தான்.

"வாத்தியாரய்யா" என்று பேச்சியம்மா கூப்பிட்டார். "ஆம்பளப் புள்ள. மூச்சு நிக்காது போல இருக்கு. வேதத்துப் புள்ளையாச்சே, தண்ணி ஊத்தணும்ல?"

"இஞ்ச தாங்கோ, நான் குடுக்கிறன்."

"எந்திரிக்க முடியாதுங்க. லூர்துக்கு ரத்தம் நிக்கல. எங்கையி ஒண்ணு அவ வயித்த அமுக்கிக்கிட்டு இருக்கு. நீங்களும் உள்ள வரமுடியாது, அவ கெடக்குற கெடைக்கு. நானே ஊத்திச் சொல்லிர்றேன். ஆஸ்பத்திரியில சிஸ்டரம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. தோட்டத்துல மூணு புள்ளைக்கு ஊத்தியிருக்கேன்."

அப்போது நான் சொன்னதை இங்கே சொன்னபடியே எழுதுகிறேன். "நீ வார்த்தை சொல்லாத. நீ வேதக்காரி இல்லை. தண்ணியை மட்டும் ஊத்து. வார்த்தையை நான் சொல்லுறன்."

அதுவரை அவரை நான் நீங்கள் என்று தவிர அழைத்ததில்லை.

"அப்பன்னா சொல்லுங்க, சுருக்கா. பேரு சூசைமுத்துன்னு லூர்து சொல்றா" என்றார்.

பாய்ச்சீலையைப் பார்த்து எழுந்து நின்று சொன்னேன். "சூசைமுத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மற்றப் பக்கத்தில் தண்ணீர் விழுந்த சத்தம் மூன்று முறை கேட்டது.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். "நான் வாயே தொறக்கலீங்க. சரிதானே?"

"சரி" என்றேன்.

பிள்ளை மூன்று மணி வரை இருந்தது. உடை மரமொன்றின் கீழே மணலைத் தோண்டி வைத்தோம். பெட்டிக்குப் பதிலாக இன்னாசிமுத்து உடுத்தும் சாரம். மறுநாள் நாங்கள் ஏறிய வள்ளம் கடற்படைக்குப் பயந்து இந்தியாவுக்குப் போகாமல் திரும்பி, எங்களை இந்த மன்னார்த் தீவுக் கரையில் இறக்கிவிட்டது. உடை மரம் நின்ற இடத்தில் இப்போது இராணுவக் காவலரண்.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன்.

கயித்தான் மூப்பர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் இந்த ஊர்க்காரர், கோயில் காரியம் பார்க்கிறவர். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். முகாமுக்குத் தன் கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டவரும் அவர்தான். சண்டையும் அவர்தான் பிடிப்பார்.

"சுவாமி, உதில விசாரிக்க என்ன கிடக்கு? சைவக்காரி ஊத்தின தண்ணி. அது ஞானஸ்நானம் எண்டால், நேற்று மழையில நனைஞ்ச என்ர ஆட்டுக்குட்டியையும் புத்தகத்தில ஏத்துங்கோவன்."

"மூப்பர், கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுக்கிறன். கோயில் பொறுக்குமோ? தோட்டக்காட்டுச் சனத்துக்கு இரக்கப்படலாம் சுவாமி, அதுக்காண்டி..."

பேச்சியம்மா தரையில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். "ஐயா, எங்க தோட்டத்துல தேயில இருந்துச்சு, காடு இல்ல. காட்ட இங்க வந்துதான் வெட்டுனோம்."

சுவாமியாருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். வயது குறைந்தவர். இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதம்தான். ஆனால் திருச்சபைச் சட்டம் தெரிந்தவர்.

"மூப்பர், உங்களுக்கு விளங்கவேணும். பேச்சியம்மா சைவம் எண்டது இதில ஒரு பிரச்சினையே இல்லை. ஞானஸ்நானம் குடுக்கிறது மேற்றிராணியார், சுவாமிமார், தியாக்கோன்மார் எண்டது சாதாரண நேரத்துக்கு. சாகக்கிடக்கிற நேரத்தில ஆர் எண்டாலும் குடுக்கலாம். ஆம்பிளை, பொம்பிளை, வேதக்காரர், சைவக்காரர், சோனகர், ஆரும். திருச்சபை செய்யிறதைச் செய்யவேணும் எண்ட நினைப்போட, தண்ணி ஊத்தி, அந்த வார்த்தையைச் சொன்னால் காணும், வேற ஒண்டும் தேவையில்லை. அவ தோட்டத்தில ஊத்தின மூண்டு பிள்ளையளும் நான் ஊத்தினதுபோலத்தான்."

மூப்பர் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப உந்தப் பிள்ளையை எழுத என்ன தடை?"

"ஊத்துறவரே சொல்லவேணும். சொல்லுறவரே ஊத்தவேணும். அதுதான் தடை. இஞ்ச ஊத்தினவர் ஒராள், சொன்னவர் வேற ஆள்."

வெளியே முகாம் சமையலறையில் யாரோ கிடாரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மா எழுந்து முழங்காலில் நின்றார். "சாமி, அப்ப நானே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் இல்லை, அம்மா. எழுதிப்போட்டு உங்கட பேரையும் போட்டிருப்பன்."

பேச்சியம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தது லூர்தம்மாதான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சொல்லை முதல் தடவை வாசிக்கிற பிள்ளை எழுத்தைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம்? யாரும் கொடுக்கலாம். பதினாறு வருடமாக நான் பிள்ளைகளை எழுப்பிக் கேட்கிற கேள்வி. தவறாகச் சொன்னால் முட்டுக்காலில் நிற்க விட்டிருக்கிறேன். யாரும் என்று படிப்பித்த எனக்கு, பாய்ச்சீலைக்கு மற்றப் பக்கம் இருந்தவரும் அந்த யாருக்குள் வருவார் என்று அன்று தோன்றவில்லை. என் பக்கத்தில் வார்த்தை இருந்தது. கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சுவாமியார் மேசையில் முன்னால் குனிந்தார். வழி தேடுகிறார் என்று விளங்கியது.

"பேச்சியம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உபதேசியார் வார்த்தை சொல்லேக்கை நீங்களும் கூடச் சொன்னீங்களோ? சத்தமா வேண்டாம். மெல்லமா, வாய்க்குள்ள எண்டாலும். நாக்கு அசைஞ்சிருந்தால் காணும்."

லூர்தம்மா குனிந்து பேச்சியம்மாவின் தோளைப் பிடித்தாள். "அக்கா, சொன்னீங்கதான? சொல்லாம இருந்திருப்பீங்களா? செபம் சொல்லாம நீங்க ஒரு புள்ளையயும் தொட்டதில்லையே."

பேச்சியம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "தண்ணி கேத்தல்ல இருந்துச்சு" என்றார். "ஆறிப்போச்சு. புள்ளைக்குக் குளுருமேன்னு கைய வுட்டு உள்ளங்கையில அள்ளிச் சூடாக்கி ஊத்துனேன். மூணு தரம்." பிறகு நிமிர்ந்து சொன்னார். "சொன்னேன் சாமி. மெதுவா சொன்னேன்."

லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூப்பர் நெஞ்சில் சிலுவை போட்டார். சட்டென்று அவருடைய முகம் இளகிப்போனது. "பிறகென்ன, எழுதுங்கோ சுவாமி" என்றார். "எழுதினாப் போச்சு. பாவம், பச்சை மண்."

சுவாமியார் பேனையைத் திறந்தார். திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அது முறை. சாட்சி ஒராள் வேண்டும்.

"உபதேசியார், நீர் அந்தச் சீலைக்கு இஞ்சால நிண்டனீர். உமக்குக் கேட்டதோ?"

கேட்டது என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் அந்த வரி நிரம்பிவிடும். எட்டாவது கட்டத்தில் பேச்சியம்மா என்ற பெயர் தனியாக, சரியாக, நிற்கும். ஆனால் என் காதில் இருந்தது வேறு. நான் வாயே தொறக்கலீங்க, சரிதானே. அதற்குச் சரி என்று சொன்னவன் நான். நான் சொன்ன சொல்லை அவர் அப்படியே கேட்டு நடந்ததற்கு நான் ஒருவனே சாட்சி.

வாயைத் திறந்தேன். மூடினேன். கேட்டது என்றும் வரவில்லை, கேட்கவில்லை என்றும் வரவில்லை. பேனையின் மை காய்ந்து சுவாமியார் அதை ஒருமுறை உதறினார்.

"வாத்தியாரய்யாவ வுடுங்க சாமி" என்றார் பேச்சியம்மா. "நான் பொய் சொன்னேன். சொல்லாதேன்னாரு, சொல்லல. மனசுக்குள்ள சொன்னேன். சிஸ்டரம்மா சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒரு எழுத்து வுடாம, மனசுக்குள்ள சொன்னேன். வாயத் தொறக்கல."

"மனசுக்குள்ள சொன்னது காணாது, அம்மா" என்றார் சுவாமியார். அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது.

பிறகு அவர் லூர்தம்மாவுக்கு நிறையச் சொன்னார். பிள்ளைக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னார். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, பெயர் எழுதி ஒரு சிலுவை நடலாம், தாய் தகப்பன் ஞானஸ்நானம் கேட்டிருந்த பிள்ளைக்குத் திருச்சபை அதற்கு இடம் கொடுக்கிறது என்றார். "கடவுள் என்ர புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிடுறவரில்லை, லூர்தம்மா. ஆனால் இந்தப் புத்தகம் நடந்ததைத்தான் எழுதலாம்."

"எல்லாம் நடந்துச்சு சாமி" என்றாள் அவள். அழவில்லை. கணக்குச் சரியா என்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "புள்ள பொறந்துச்சு. பேரு வச்சோம். தண்ணி ஊத்துனாங்க. அவரு வார்த்த சொன்னாரு. அவுங்க மனசுல சொன்னாங்க. நான் படுத்துக்கிட்டு ஆமென் சொன்னேன். இதுல எது சாமி நடக்கல?"

மூப்பர் எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றார். "இதைத் தீர்க்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று கடைசியில் சுவாமியார் சொன்னார். "ஆயர் ஆண்டகைக்கு எழுதுவம். உபதேசியார், நீர் எழுதும். இண்டைக்கே எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

போகும்போது பேச்சியம்மா என் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "மனசுல வச்சுக்காதீங்க" என்றார். "நீங்க வேணாம்னதும் எனக்கும் சந்தேகம் வந்துருச்சுங்க, நான் சொன்னா செல்லுமான்னு. செல்லும்னு தெரிஞ்சிருந்தா ஒங்க பேச்சக் கேட்டிருக்கமாட்டேன்." இதைச் சொல்லிவிட்டு, ஏதோ பிழையாகச் சொன்னவர்போலத் தலைத்துணியை இழுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பிடாமல் எழுத உட்கார்ந்தேன். கட்டக் கடதாசி அல்ல, கோடு போட்ட நீளத் தாள். ஒரு நகல் எனக்கு.

முதலாம் பந்தியில் குடும்ப விபரம். இரண்டாம் பந்தியில் இடம்பெயர்ந்த விபரம். மூன்றாம் பந்தியில் 22.08.1990 அன்று வாடியில் நடந்தது, யார் எங்கே இருந்தார்கள் என்பது உட்பட. நான்காம் பந்தியில் சுவாமியார் கண்ட தடை. ஐந்தாம் பந்தியை மூன்று தடவை எழுதினேன். கடைசியில் இப்படி நின்றது:

'மேற்படி பேச்சியம்மா என்பவர் தானே தண்ணீர் ஊற்றி வார்த்தையையும் சொல்ல ஆயத்தமாக இருந்தார். சொல்ல அறிந்தும் இருந்தார். அவரைச் சொல்ல வேண்டாமென்று தடுத்தது நான். அவர் கிறிஸ்தவர் அல்ல என்ற ஒரே காரணத்துக்காகத் தடுத்தேன். ஆபத்தில் எவரும் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாமற் போனதாகத் தாங்கள் தீர்த்தால், அந்தக் குறை தாயுடையதுமல்ல, பேச்சியம்மாவுடையதுமல்ல. எட்டாவது கட்டத்தில் எவர் பெயரும் எழுத முடியாதாயின், ஒன்பதாவதான குறிப்புக் கட்டத்தில் பிள்ளையின் பெயரையும், பெற்றோர் பெயரையும், தடுத்தவன் என்று என் பெயரையும் எழுத அனுமதி வேண்டி நிற்கிறேன்.'

சுவாமியார் வாசித்தார். "தடுத்தவன் எண்டு ஒரு கட்டம் ஒரு புத்தகத்திலயும் இல்லை, யாகப்பர்" என்றார். வெட்டச் சொல்லவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு முகாமைப் பார்க்கப் போய்விட்டார்.

தலைப்பு எழுதுவது மட்டும் மிச்சம். வழக்கமாக 'ஞானஸ்நானப் பதிவு சம்பந்தமானது' என்றுதான் போடுவேன். பேனையை வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. லூர்தம்மா. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன்.

"எழுதிட்டீங்களா?"

"ஓம். வாசிக்கட்டோ?"

"வேணாம். புள்ளையோட அப்பா பேரு போட்டீங்களா?"

"போட்டிருக்கிறன்."

"ஆண்டகை என்ன சொல்லுவாங்க?"

"தெரியாது, லூர்தம்மா. எழுதலாம் எண்டும் சொல்லலாம். ஏலாது எண்டும் சொல்லலாம். பதில் வராமலும் போகலாம்."

தலையசைத்தாள். பதினொரு கடிதத்துக்குப் பழகிய தலையசைப்பு. இடுப்பில் அந்தப் பொலித்தீன் பை இருந்த இடத்தில் அவள் கை தானாகப் போயிற்று. இருநூற்றுப் பதினாலு. அப்போதுதான் எனக்கு அது பட்டது.

"லூர்தம்மா, இஞ்ச கேளும்" என்றேன். "ஆண்டகையின்ர கந்தோரிலயும் வரவுப் பதிவு எண்டு ஒரு புத்தகம் இருக்கு. ஒவ்வொரு கடிதமும் போய்ச் சேர்ந்த உடன, ஆண்டகை பார்க்க முன்னமே, அதில ஒரு இலக்கம் போட்டுப் பதிவினம். எங்க இருந்து வந்தது, என்ன திகதி, என்ன தலைப்பு. தலைப்பை நாங்கள் எழுதினபடியே பார்த்து எழுதுவினம்."

அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே வந்து மேசையருகே நின்றாள். தாளைத் திருப்பி அவள் பக்கமாக வைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, தலைப்பை எழுதினேன். எழுத்து எழுத்தாக வாசித்தும் காட்டினேன்.

'சூசைமுத்து. தகப்பன் இன்னாசிமுத்து, தாய் லூர்தம்மா. பிறந்தது 22.08.1990, அரிப்புக் கரை. இறந்தது அன்றே.'

கீழே கோடு போட்டேன்.

"அது கோயில் புஸ்தகமா?" என்று கேட்டாள்.

"இல்லை. கந்தோர்ப் புத்தகம்."

"அத யாரு பாப்பாங்க?"

"ஒருத்தரும் பார்க்கமாட்டினம்."

"ஆனா இருக்கும்ல?"

"இருக்கும்."

அவள் அந்த வரியை விரலால் தொட்டாள். மை காயவில்லை. இன்னாசிமுத்து என்பதன் கடைசி எழுத்து கொஞ்சம் இழுபட்டது. பதறிக் கையை எடுத்தாள். வேறு தாளில் திருப்பி எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "வாத்தியாரய்யா" என்று தொடங்கினாள். பிறகு திரும்பிப் போனாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இருந்ததாகவும் நினைக்கவில்லை.

சோதனைச் சாவடியில் ஒட்டிய கடிதங்களைக் கிழித்துப் பார்ப்பார்கள் என்பதால் அந்த நாட்களில் கடிதங்களை ஒட்டாமல் கொடுத்துவிடுவதே வழக்கம். இது திறந்தபடி போகக்கூடாது என்று பட்டது; ஒட்டினேன். பசை இல்லை. சமையலறைக்குப் போய் ஒரு பிடி சோறு வாங்கி வந்து, பெருவிரலால் மசித்து, மடிப்பு முழுவதும் தடவி, ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாரமாக மேலே வைத்தேன். நாலு மணிக்குக் கூட்டுறவுச் சங்கத்து லொறி மன்னார்ப் பட்டணத்துக்கு வெளிக்கிட்டது. சாரதி யோகராசா உறையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாஸ்டர், ஒட்டியிருக்கு. ஆமிக்காரன் கேட்டால் என்னெண்டு சொல்ல?"

"பிள்ளையின்ர பதிவு எண்டு சொல்லுங்கோ."

அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானையும் பூட்டிக்கொண்டு, லொறியை எடுத்தார்.